ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில்

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்டைப் பாலாம்பிகை ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. ஆனால் ஒன்பதாம் மாடியில் வீடு கிடைத்தவள், இரண்டு முழங்காலும் தேய்ந்தவள், நம்பாமல் என்ன செய்வது? கதவு மூடும்போது ஒரு முருகா, திறக்கும்போது ஒரு முருகா. அப்படியே எட்டு வருடம் ஓடிவிட்டது.

அன்று சனிக்கிழமை, பெப்ரவரி மாதம். மகன் ரதீசன் விடியவே வேலைக்குப் போயிருந்தான். சந்தைக்குப் போய் நல்ல மீன் ஏதும் கிடைத்தால் வாங்கி வரலாம் என்று புறப்பட்டவள், சார்ஜில் போட்ட போனைச் சமையலறையிலேயே மறந்துவிட்டாள். லிஃப்ட் வாசலில் ஸெனோன் நின்றார்.

ஸெனோன் அதே மாடியின் மறு கோடியில் தனியாக இருக்கும் போலந்துக்காரர். தொண்ணூறைத் தாண்டியவர். எந்த நாளும் கழுத்தில் டை, தலையில் தொப்பி, கையில் சக்கரம் வைத்த கடைப்பை. பாண் வாங்கப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரித்தான் போவார். பாலாம்பிகையைக் கண்டால் தொப்பியைத் தொட்டு "பானி" என்பார். தன் பெயர்தான் அவர் வாயில் வராமல் சிதைகிறது என்று அவள் வெகுகாலம் நினைத்திருந்தாள். ரதீசன்தான் வேலையிடத்தில் யாரையோ கேட்டு வந்து, அது போலந்துக்காரர் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் என்றான். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசிக்கொண்டது குறைவு. குளிர், மழை, லிஃப்ட் பழுது, அவ்வளவே.

ஒன்றை மட்டும் அவள் கவனித்திருந்தாள். லிஃப்டுக்குள் அவர் எப்போதும் கதவோடு ஒட்டித்தான் நிற்பார். கதவடியில் ஏற்கெனவே ஆட்கள் நின்றால், நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார்.

அன்று உள்ளே இரண்டு பேர் மட்டும்தான். கதவு மூடியது. எட்டாம் மாடி போயிற்று, ஏழாம் மாடி போயிற்று. அதைக் கடந்ததும் லிஃப்ட் ஒரு தரம் குலுங்கி நின்றது. விளக்கும் அணைந்துபோயிற்று.

கூரை மூலையில் அவசர விளக்கு ஒன்று மங்கலாகப் பற்றிக்கொண்டது. பாலாம்பிகை அலார்ம் பொத்தானை அமுக்கினாள். எங்கேயோ தூரத்து அலுவலகமொன்றிலிருந்து ஒரு பெண் பேசினாள். எத்தனை பேர், யாருக்காவது சுகமில்லையா என்றெல்லாம் கேட்டாள். ஆள் வந்துகொண்டிருக்கிறது, பதற வேண்டாம் என்றாள். அதையே இன்னொரு முறை சொல்லத் தொடங்கியவளின் குரல் நடுச் சொல்லில் அறுந்துபோயிற்று. அதன் பிறகு பொத்தானை எத்தனை தரம் அமுக்கினாலும் சத்தமில்லை.

அப்போதுதான் மணத்தது. பிளாஸ்டிக் கருகுகிற மணம். முதலில் லிஃப்டின் வயர் என்று நினைத்தாள். பிறகு அந்த மங்கல் வெளிச்சத்தில், கதவின் கீழ் விளிம்பால் நூல்நூலாக ஏதோ உள்ளே வருவதைக் கண்டாள்.

முந்தின வருடம் ஆனி மாதம் மேற்கு லண்டனில் இதைப்போன்ற ஒரு மாடிக் கட்டடம் ஆட்களோடு எரிந்ததை இந்தக் கட்டடத்தில் பார்க்காதவர் இல்லை. விடிய விடிய ரதீசனும் அவளும் டிவிக்கு முன்னால் இருந்தார்கள். அடுத்த நாள் அவள் ஒன்பதாம் மாடி ஜன்னலால் கீழே எட்டிப் பார்த்தாள். அதன் பிறகு பல நாள் அந்த ஜன்னல் பக்கம் போகவில்லை.

"நெருப்பு," என்றாள். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

ஸெனோன் கதவைத் தட்டவில்லை, சத்தம் போடவில்லை. தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். சுவரைப் பிடித்து மெல்ல மெல்லத் தரையில் இருந்தார். நீங்களும் கீழே இருங்கள், கீழேதான் காற்று இருக்கும் என்றார். அவளுடைய பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. கழுத்துச் சால்வையை நனைத்துக் கதவடியில் திணிக்கச் சொன்னார். தன்னுடைய மப்ளரையும் கொடுத்தார். அவள் திணித்துக்கொண்டிருக்கும்போதே அவசர விளக்கு சிவந்து, சுருங்கி, அணைந்தது.

அப்படி ஒரு இருட்டைப் பாலாம்பிகை இருபத்தெட்டு வருடத்துக்கு முன் ஒருமுறை கண்டிருக்கிறாள். தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். அந்த நாட்களில் குண்டு போட வரும் ப்ளேனைச் சனங்கள் சகடை என்பார்கள். சகடை மேலே சுற்றுகிற சத்தம் கேட்டால் எல்லாரும் வளவில் வெட்டிய பங்கருக்குள் ஓடுவார்கள். ஒருநாள் அடுத்த வளவில் விழுந்த குண்டு பங்கர் வாசலை மண்ணால் மூடிவிட்டது. உள்ளே அவளும் அவளுடைய சின்னம்மாவும். வெளியில் ஆட்கள் மண்ணைக் கிளறி இழுத்தெடுக்கும்போது பாலாம்பிகைக்கு மூச்சு இருந்தது, சின்னம்மாவுக்கு இல்லை. அந்த மண் வாயில் கரகரத்தது இப்போதும் அவளுக்குச் சில நாட்களில் நாக்கில் தட்டும். இப்போது தட்டியது.

"பானி," என்றார் ஸெனோன் இருட்டில். "உங்கள் கையைத் தாருங்கள். நான் அழுத்தும்போது நீங்களும் அழுத்துங்கள். இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

வேறு நேரமாக இருந்தால் பாலாம்பிகை ஒரு அந்நிய ஆணிடம் கையைக் கொடுத்திருக்க மாட்டாள். தடவிப் பிடித்துக் கொடுத்தாள். அவருடைய கை பனிக்கட்டி மாதிரி இருந்தது, நடுங்கியது. அவ்வளவு நேரமும் அவர் குரலில் பயமே தெரியவில்லை. கையைப் பிடித்த பிறகுதான், மனுசன் தன்னைவிடப் பயந்துபோயிருக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. அவர் அழுத்தினார். அவள் திருப்பி அழுத்தினாள்.

கீழே எங்கோ கண்ணாடி உடைந்தது. ஆட்கள் படியால் ஓடுகிற சத்தமும், ஒரு குழந்தை வீரிட்டு அழுவதும் கேட்டு, தேய்ந்து போயின. பாலாம்பிகை கத்திப் பார்த்தாள். தமிழில் கத்தினாள், இங்கிலிசில் கத்தினாள். இருமல்தான் மிஞ்சியது.

"நான் பேசலாமா?" என்று ஸெனோன் கேட்டார். "பேசாமல் இருந்தால் நான் அங்கே போய்விடுவேன்."

"எங்கை?"

"வாலுக்கு."

புகை அவருக்குத் தலைக்கேறிவிட்டது என்று அவள் நினைத்தாள். அவரோ, கையை விடாமலே, இடையிடையே அழுத்திக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார்.

உலகப் போரில் போலந்தைப் பறிகொடுத்துவிட்டு வந்த இளைஞர்கள் பலர் இங்கிலாந்தில் விமானம் ஓட்டினார்கள். ஸெனோனும் அவர்களில் ஒருவர். ரஷ்யாக்காரன் பிடித்துக்கொண்டுபோய் அடைத்த முகாமிலிருந்து தப்பிப் பிழைத்து, பாரசீகம் சுற்றி, கப்பலேறி வந்து சேர்ந்தபோது வயது பதினெட்டு. இருபதாவது வயதில் லிங்கன்ஷயரில் ஒரு விமானத்தளத்தில் இருந்தார். நாலு எஞ்சின் பூட்டிய பெரிய விமானம், ஏழு பேர். ஆறு பேர் முன்னுக்கு, ஒருவர் பக்கத்தில் ஒருவர், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். ஏழாமவர் ஸெனோன். அவருக்கு இடம் வாலின் நுனியில், கண்ணாடியும் தகரமும் சேர்த்துச் செய்த ஒரு கூட்டுக்குள். முழங்கால் மடக்கி இருந்தால் அசைய இடமில்லை. முன்னால் நாலு துப்பாக்கி. பராசூட்டை உள்ளே கொண்டுபோக இடம் போதாது. அது முதுகுக்குப் பின்னால், சறுக்குக் கதவுக்கு வெளியே தொங்கும்.

"எல்லோரும் போகிற திசையைப் பார்த்திருப்பார்கள்," என்றார். "நான் மட்டும் வந்த திசையைப் பார்த்திருப்பேன். இரவு முழுவதும்."

குளிரில் கண்ணிமை ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் அது எதிரி விமானம்தான். கண்ணை மூடினால் ஏழு பேரின் கதையும் முடிந்தது. இருட்டை அப்படி வெறித்துப் பார்த்துப் பார்த்து, இருட்டே நகர்வதுபோலத் தோன்றும். எந்த இரவாவது பயமில்லாமல் போனோம் என்று யாராவது சொன்னால் அவன் பொய்யன் என்றார். போகுமுன் சாப்பாட்டுக்கு முட்டை தருவார்களாம், போர்க்காலத்தில் கிடைக்காத முட்டை. அதைத் தின்றுவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தி எடுப்பாராம். திரும்பி வந்த காலைகளில், பக்கத்து மேசையில் ஏழு கதிரை வெறுமையாக இருக்கும். யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள்.

கூட்டுக்கும் மற்ற ஆறு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே உறவு காதில் மாட்டிய போன்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை விமானி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "வால்?" என்பார். "வால் இருக்கிறேன்" என்று ஸெனோன் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காகவே இரவு முழுவதும் காத்திருப்பாராம்.

அக்டோபரில் ஒரு இரவு. குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். வெளிச்சம், அடி, எரிந்த வெடிமருந்து மணம். விமானம் கல்லுப்போல விழுந்தது, பிறகு எப்படியோ நிமிர்ந்தது. துப்பாக்கிக் கூடு திரும்ப மறுத்தது. பின் கதவை இழுத்தார், ஒரு கைத்தடிப்புக்குத் திறந்து அப்படியே இறுகிவிட்டது. போனில் கூப்பிட்டார். சத்தமே இல்லை. செத்துப்போன போன்.

"விமானம் போய்க்கொண்டிருந்தது," என்றார். "ஆனால் அதை யாராவது ஓட்டுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் குதித்துப் போயிருக்கலாம். செத்துப் போயிருக்கலாம். இரவு வானத்தில் அவ்வளவு பெரிய விமானத்தில் நான் ஒருவன் மட்டும் இருக்கலாம். இரண்டு மணி நேரம், பானி."

பாலாம்பிகை தன் பயத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுகிறவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத விமானத்தின் வாலில் ஒரு பொடியன் இருப்பது அவளுக்குக் கண் முன்னால் தெரிந்தது. ஜெர்மன்காரன் லண்டனில் குண்டு போட வந்ததை மறித்த விமானங்களைப் பற்றி டிவியில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். அந்தக் கதைகளில் ஒன்றாகத்தான் இதையும் மனசில் வைத்திருந்தாள். ஆகவே சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எங்கை போட்டு வந்தனீங்கள்?"

"எஸன்," என்றார்.

அவள் கை தானாக விலகியது.

எஸன், லண்டனுக்கு வருமுன் அவள் ஜெர்மனியில் பதினான்கு வருடம் வாழ்ந்த ஊர். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து அகதி முகாமில் இருந்து, பிறகு புருசனுக்கு ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை கிடைத்து, ரதீசன் பிறந்து தவழ்ந்த ஊர். அங்கே ஒரு வயதான ஜெர்மன்காரியின் வீட்டை அவள் கிழமைக்கு இருமுறை கூட்டித் துடைத்தாள். அந்த மனுசி எந்த வேலை சொன்னாலும் நிலவறைக்கு மட்டும் போகச் சொல்ல மாட்டாள். சின்ன வயதில், போரில் குண்டு விழுந்த ஒரு இரவு, அதற்குள் தம்பியோடு போனவள், தனியாக வெளியே வந்தவள். கட்டட வேலைக்குத் தோண்டும்போது பழைய குண்டு அகப்பட்டு, தெருவிலுள்ள எல்லாரையும் பொலிஸ் வெளியேற்றியபோது, பாலாம்பிகை கைக்குழந்தையோடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு இரவு படுத்திருக்கிறாள். யார் போட்ட குண்டு என்று அப்போது அவள் கேட்டதில்லை.

"அங்கை நீங்கள் உங்கடை கையாலை போட்டனீங்களோ?" என்றாள்.

"என் கையால் போடவில்லை. போட்டவனைப் பாதுகாத்துக் கூட்டிப்போனேன். அது பெரிய வித்தியாசமில்லை."

பாலாம்பிகை பின்னால் நகர்ந்து லிஃப்டின் மறு மூலையில் ஒண்டிக்கொண்டாள். கோண்டாவிலில் சகடை சுற்றும்போது அதற்குள் இருக்கிறவனை அவள் எத்தனை தரம் சபித்திருப்பாள்! அவன் கை அழுகிப் போகட்டும் என்று, சின்னம்மாவின் காலடியில் இருந்து சத்தமாகச் சபித்திருக்கிறாள். அவனுக்கு முகமே இருந்ததில்லை அவளுக்கு. இப்போது இந்த இருட்டில் தொண்ணூறு வயதுக் கிழவனாக, நடுங்குகிற கையோடு, "பானி" என்று கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறான் என்று நினைக்க அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"பானி?" என்றார் அவர்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பானி, இருக்கிறீர்களா?"

தரையைக் கையால் தட்டித் தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. அவள் காலை இன்னும் மடக்கிக்கொண்டாள். புகை சால்வையையும் மீறி வந்தது. கண் எரிந்தது, தொண்டை காந்தியது. இருமலை அடக்கினாள். இருமினால் தான் இருக்குமிடம் தெரிந்துவிடுமே என்று சின்னப்பிள்ளை மாதிரி அடக்கினாள்.

தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு ஒரு உதை. தகரக் கதவில் சப்பாத்துக் குதியால் உதைக்கிற சத்தம். இன்னொரு உதை. ஒரே தாளத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல். அதோடு அவர் பேசவும் தொடங்கினார். இங்கிலிசு இல்லை, போலந்து மொழி. குரலும் அவருடைய குரல் இல்லை. மெலிந்து, உடைந்து, ஒரு இளம் பொடியனின் குரலாக இருந்தது.

நெருப்பைவிட, புகையைவிட, அந்தக் குரல்தான் அவளைக் கொன்றது. மனுசன் வாலுக்குப் போய்விட்டார். இங்கே அவள் மட்டும்தான் இருக்கிறாள். உள்ள காற்றையெல்லாம் அவர் உதைத்தே தீர்த்துவிடுவார். அவர் நெஞ்சு நின்றுபோனால் இந்தப் பெட்டிக்குள் பிணத்தோடு இருக்க வேண்டும். ஒருமுறை இருந்திருக்கிறாள் அப்படி. சின்னம்மாவின் கை எப்போது குளிர்ந்தது என்று அன்று அவளுக்குத் தெரியவில்லை. தூங்கிவிட்டா என்றுதான் நினைத்தாள்.

அவள் நாலு காலில் தவழ்ந்துபோனாள். தடவித் தடவி அவர் தோளைப் பிடித்தாள், அதிலிருந்து கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். பதில் இல்லை. திரும்ப அழுத்தினாள்.

"உதையாதேங்கோ. நான் இருக்கிறன். கேக்குதோ? இருக்கிறன்."

உதை நின்றது.

"லுட்விக்?" என்றார் அவர்.

லுட்விக் யாரென்று பாலாம்பிகைக்குத் தெரியாது. அந்தப் பெயரை அவர் கேட்ட விதம் அவளுக்குத் தெரியும்.

"ஓம்," என்றாள்.

அவர் விரல்கள் அவள் கையைச் சுற்றி இறுகின. பெரிய மூச்சொன்று விட்டார். அதன் பிறகு அவர் உதைக்கவில்லை. அவள் அழுத்தும்போதெல்லாம் திருப்பி அழுத்தினார். அழுத்தம் வரவரக் குறைந்தது. ஒரு கட்டத்தில் அது அவருடைய அழுத்தமா, தன் கையின் துடிப்பா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. பிறகு அதுவும் இல்லை. ஆனாலும் அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். சுவரில் சாய்ந்து, கந்தசஷ்டியா தேவாரமா என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டு, அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மேலே இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் கேட்டபோது அவளால் தலையை நிமிர்த்த ஏலவில்லை. "என் பெயர் ஏஞ்சலா, நாங்கள் தீயணைப்புப் படை, கதவைத் திறக்கப் போகிறோம்" என்று ஒரு பெண் கத்தினாள். கதவு நெளிந்தது, வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. ஏழாம் மாடியின் தரை லிஃப்டுக்குள் நெஞ்சளவு உயரத்தில் தெரிந்தது. முகமூடி போட்ட இரண்டு பேர் குதித்து இறங்கினார்கள். முதலில் அவரைத் தூக்கப் போனார்கள். ஏஞ்சலா என்ற அந்தப் பெட்டை பாலாம்பிகையின் பக்கத்தில் குந்தியிருந்து, கையை விடுங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று இரண்டு மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. விரல்கள் அப்படி விறைத்துப்போயிருந்தன.

ஐந்தாம் மாடியில் யாரோ சார்ஜில் போட்டிருந்த மின்சைக்கிள் பட்டரி வெடித்து எரிந்திருக்கிறது. நெருப்பு ஒரு வீட்டோடு நின்றுவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. பாலாம்பிகையை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். ஸெனோனை அனுப்பவில்லை. நுரையீரல் புகையைக் குடித்துவிட்டது, வயதும் போய்விட்டது, சொல்ல முடியாது என்றார்கள்.

ஒரு கிழமை அவள் வீட்டிலேயே கிடந்தாள். கண்ணை மூடினால் உதைக்கிற சத்தம். கக்கூஸ் கதவைக்கூடச் சாத்தாமல் போனாள். ரதீசன் டொக்டரிடம் போவோம் என்றான். அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள்.

"ஏனம்மா? அவர் உங்களுக்கு ஆர்?"

"ஆருமில்லை. அவரிட்டை ஒண்டு கேக்கோணும்."

வார்டில் ஜன்னலோரக் கட்டில் அவருக்கு. மூக்கில் குழாய். டை இல்லாமல் அவரை அவள் கண்டது அதுதான் முதல் தடவை. கழுத்து ஒரு குருவியின் கழுத்தாக இருந்தது. அவளைக் கண்டதும் தொப்பியைத் தேடிக் கை தலைக்குப் போனது. உங்களைப் பயப்படுத்திவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார். என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்றார்.

அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"லுட்விக் ஆர்?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். இறுகிப்போன கதவின் இடைவெளியால் கையை விட்டுப் பராசூட்டைத் தேடினாராம். பராசூட் அகப்படவில்லை, ஒரு கையுறை அகப்பட்டது. கையுறைக்குள் கை இருந்தது. முன்னாலிருந்து யாரோ அவரைத் தேடி வந்திருக்கிறார்கள். வந்து கதவுக்கு வெளியே விழுந்து கிடக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. பெயர் பெயராகக் கூப்பிட்டார், எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கையை அழுத்தினார். அந்தக் கை திருப்பி அழுத்தியது.

"ஒரு தரம்," என்றார். "பிறகு நான் விடவில்லை. கடலைத் தாண்டி, தரையில் இறங்கும் வரைக்கும் விடவில்லை. இந்தக் கை இருக்கிறது, ஆகவே நான் தனியாக இல்லை என்று எண்ணிக்கொண்டேன். கால் மட்டும் கதவை உதைத்துக்கொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை."

கடற்கரையோரம் ஒரு அவசரத் தளத்தில் இறங்கினார்கள். விமானியும் மற்றவர்களும் உயிரோடு இருந்தார்கள். வானொலிக்காரன் லுட்விக்தான் வாலுக்கு வந்தவன். வயிற்றில் சிதறல் பட்டதை யாருக்கும் சொல்லாமல், சின்ன ஒட்சிசன் சிலிண்டரை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அவன் எப்போதோ செத்துவிட்டான், அடி விழுந்து கொஞ்ச நேரத்திலேயே செத்திருப்பான் என்று டொக்டர் சொன்னார். கையை அழுத்தினான் என்று ஸெனோன் சொன்னதற்கு, குளிரில் விறைத்த கைக்கு எல்லாம் தோன்றும் என்றாராம்.

"அதன் பிறகு எத்தனை தரம் போனனீங்கள்?"

"பதினோரு தரம். அதே இடத்தில், அதே மாதிரிக் கூட்டில்."

பாலாம்பிகை தன் கைகளைப் பார்த்தாள். சொல்லுவதா விடுவதா என்று யோசித்தாள். சொன்னாள். லிஃப்டுக்குள் நீங்கள் லுட்விக்கா என்று கேட்டனீங்கள், நான் ஓம் என்று சொன்னனான் என்றாள். அவர் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைக்கவில்லை.

அதோடு எழும்பி வந்திருக்கலாம். ஆனால் மனசில் உள்ள பாரம் அப்படியே இருந்தது. நான் எஸனில் பதினான்கு வருடம் இருந்தவள் என்றாள். எங்கள் ஊரிலும் எங்களுக்கு மேலே போட்டார்கள், நான் பங்கருக்குள் இருந்தவள் என்றாள். சின்னம்மாவைப் பற்றியும் சொன்னாள். இவ்வளவையும் அவள் ரதீசனுக்குக்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற அவன், அன்றுதான் முதல்முறையாகக் கேட்டான்.

ஸெனோன் அசையாமல் கேட்டார். குழாய் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"மேலே இருந்தவனும் பயந்துகொண்டுதான் இருந்திருப்பான் என்று நான் சொன்னால், உங்களுக்குக் கோபம் வரும்," என்றார்.

"வரும்."

"அப்படியென்றால் சொல்லவில்லை."

பிறகு, "எஸன் இப்போது எப்படி?" என்று கேட்டார். "வாலில் இருக்கிறவன்தான் ஒரு ஊரைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டு போவான். எனக்குத் தெரிந்த எஸன் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. அங்கே மரங்கள் இருக்கின்றனவா?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. பாலாம்பிகையும் யோசித்துத்தான் சொன்னாள். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் லிண்டன் மரம் என்றாள். ஆடி மாதம் பூத்தால் பல்கனியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் மணக்கும். பெரிய மரங்கள், ஆனால் எல்லாம் ஒரே வயது.

ஒரே வயது என்று சொன்ன பிறகுதான் அது ஏன் என்று அவளுக்குப் பட்டது. எல்லாம் போருக்குப் பிறகு நட்டவை. அவருக்கும் பட்டிருக்க வேண்டும்.

ஸெனோன் சாகவில்லை. டொக்டர்மாருக்கே ஆச்சரியமாக, சித்திரை பிறக்கிறதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டார். லிஃப்டையும் திருத்திவிட்டார்கள். புது விளக்கு, புது பொத்தான், உள்ளே கண்ணாடி. பாலாம்பிகை அதற்குள் போகவில்லை. வேலைக்குப் போய்வரும் ரதீசனையே சாமான் வாங்கிவரச் சொன்னாள். அவரும் போகவில்லை என்று கேள்விப்பட்டாள். யாரோ ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளை அவருக்குப் பாண் கொண்டுவந்து கொடுத்தது.

ஒருநாள் காலை பெல் அடித்தது. கதவைத் திறந்தால், டையும் தொப்பியுமாக அவர் நின்றார்.

"பானி, நான் கீழே போக வேண்டும்," என்றார். "தனியாகப் போக எனக்குப் பயம்."

தொண்ணூற்றுமூன்று வயது மனுசன், ஒளிக்காமல் அப்படிச் சொன்னதும், பாலாம்பிகைக்குத் தன் பயத்தை ஒளிப்பது வெட்கமாக இருந்தது.

"எனக்கும்தான்," என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

லிஃப்ட் வந்து திறந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவு தானாக மூடிக்கொண்டு வெறுமையாகக் கீழே போயிற்று. அவர் திரும்பப் பொத்தானை அமுக்கினார். மறுபடி வந்தது. இந்தத் தடவை அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். அவள் மற்றக் காலுக்காகக் காத்திருந்தாள். அதுவும் போயிற்று. அவள் முருகா என்று சொல்லிக்கொண்டு பின்னால் போனாள். கதவடியில் இரண்டு பேருக்கும் இடம் போதாது, தோளோடு தோள் முட்டிக்கொண்டுதான் நின்றார்கள். வழி முழுவதும் அவர் முகத்தில் வியர்வை ஓடியது. கீழே கதவு திறந்தபோது, எதிரே நின்ற ஆட்கள் இவர்களுடைய முகத்தைக் கண்டு விலகி வழிவிட்டார்கள்.

அவர் மேலும் இரண்டு வருடம் இருந்தார். போகிற நாளெல்லாம் பெல் அடிப்பார், சேர்ந்து போவார்கள், சேர்ந்து வருவார்கள். பயம் அவர்களை விட்டுப் போகவில்லை. லிஃப்டுக்குள் இரண்டு பேரும் வாயே திறக்க மாட்டார்கள். வெளியே வந்த பிறகுதான் குளிரைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவார்கள்.